கட்-ஆஃபும் கோர்வையும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண், மருத்துவமனை அனுபவமோ சொற்பம், அத்தகைய நெசவாளர் மகள் தம் மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தை வலுப்படுத்துவது எவ்வாறு?
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் தொண்டு அனுபவம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் ஆகியவற்றை எடைபோடுகின்றன; ஆனால் தமிழ்நாட்டு விண்ணப்பத்தில் இவற்றுக்கு இடமே இல்லையாதலால், அனுபவக் குறைவு பற்றிய கவலை, நெய்யாத சேலையின் சாயம் போகுமோ என்னும் கவலையை ஒத்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்பட்ட 'கட்-ஆஃப்', அதாவது தரவரிசைக்கான கூட்டு மதிப்பெண், 2016 வரை கோலோச்சியது. 2017 முதல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதால், பள்ளி மதிப்பெண் பொதுப்பிரிவினருக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு என்னும் தகுதி வாசலோடு நின்றுவிடுகிறது.

சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோக்கும் கோர்வையில் தப்பிய இழையைப் பிரித்து மீண்டும் கோக்கலாம். 720 மதிப்பெண் நீட் தாளிலோ தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் கழிக்கப்படும்.

விண்ணப்பத்துக்கு மெய்யான வலுவூட்டுவது வேறொரு தாள்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றமைக்கான சான்று. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீட்டில் தகுதிபெற்ற இத்தகையோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் தொண்டாற்ற வாய்ப்புக் கிடைப்பின், அது தரவரிசையை ஓரிடமும் நகர்த்தாது. எனினும் அந்த மகள் மருத்துவராக விரும்புகிறாரா, அல்லது உறவினர்தாம் விரும்புகின்றனரா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.