மரபணு மீது கேஸ் போடலாமா?

கே: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பருத்த உடம்பு. பதினான்கு வயது மகனை ஓடி விளையாடச் சொன்னால், 'பரம்பரை உடம்பு, ஓடினால் மட்டும் கரையவா போகிறது?' என்று என் மாமியார் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: முன்பாதி சரி. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள 5,092 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பிள்ளை உடல் எடைக் குறியீடு வேறுபடுவதில் மரபணுவின் பங்கு சுமார் 77 சதவீதமாம். அதற்கும் முன்னால், 1986-ல், டென்மார்க்கில் தத்துப் போன பிள்ளைகளை வளர்ந்த பிறகு பார்த்தால், உடல்வாகு பெற்றவர்களைக் கொண்டிருந்தது, வளர்த்தவர்களை அல்ல. மாமியார் கட்சி இத்தோடு வாதத்தை முடித்துக்கொள்ளும். ஆனால் 77 என்பது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தின் கணக்கு. உங்கள் மகன் தொப்பையில் 77 சதவீதம் தாத்தா சொத்து, மிச்சம்தான் பஜ்ஜி என்று பாகம் பிரிக்க முடியாது. பின்பாதிக்குக் கீழே வருகிறேன்.

கே: 'கொழுப்பு மரபணு' என்று ஒன்று இருக்கிறதாமே? சாப்பிடாமலே எடை ஏற்றுமா?
– சாப்பாட்டுப் பிரியர், மதுரை

ப: ஏற்றாது, சாப்பிட வைக்கும். 16-ஆவது குரோமோசோமில் இருக்கும் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவைத்தான் கேட்கிறீர்கள். அதில் ஓர் இடத்தில் சிலருக்கு 'டி' என்ற எழுத்து, சிலருக்கு 'ஏ'. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் 'ஏ' வந்து சேர்ந்த ஐரோப்பியப் பெரியவர்கள், ஒரு 'ஏ' கூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் என்று 2007-ல் தெரிந்தது. மூன்றே கிலோ! முப்பது கிலோவுக்கு அதைக் கூண்டில் ஏற்றினால் கேஸ் நிற்காது. ஸ்காட்லாந்துப் பிள்ளைகளிடம் சோதித்ததில் இன்னொன்றும் வெளிவந்தது. 'ஏ' உள்ளவர்களின் உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. தின்ற பண்டத்தின் எடையும் கூடவில்லை. கலோரி நிறைந்த பண்டமாகப் பார்த்துக் கை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

கே: அப்படியானால் ஓடி ஆடினால் அந்த மரபணு மாறிவிடுமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: எழுத்து மாறாது, அதன் சேட்டை குறையலாம். ஹெலனா என்ற ஆய்வில் ஏதென்ஸ், வியன்னா, ஸ்டாக்ஹோம் உட்படப் பத்து ஐரோப்பிய நகரங்களின் வளரிளம் பருவத்தினர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 752 பேரின் எஃப்.டி.ஓ. எழுத்தைப் பார்த்தார்கள். 'தினமும் விளையாடுவாயா?' என்று வாயால் கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'ஆமாம்' என்றுதான் சொல்லும். அதனால் அசைவைப் பதியும் சிறு கருவியைக் கட்டிவிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம்கூட மூச்சு வாங்க ஓடியாடாதவர்களிடம் ஒவ்வொரு 'ஏ'வுக்கும் உடல் கொழுப்பு 1.7 சதவீதப் புள்ளி ஏறியிருந்தது. ஒரு மணி நேரத்தைத் தொட்டவர்களிடம் 0.4 மட்டும். எடைக் குறியீட்டில் ஓடாதவர்களிடம் 0.65, ஓடியவர்களிடம் 0.17. முடிவு வெளியானது 2010-ல்.

கும்பகோணம் வாசகி இதை உடனே மாமியாரிடம் நீட்டிவிட வேண்டாம். அடுத்த ஆண்டே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெரியவர்களிடம் உடலுழைப்பு இந்த மரபணுவால் வரும் உடல் பருமன் அபாயத்தை 27 சதவீதம் குறைத்தது தெரிந்தது. ஆனால் அதே அலசலில் இருந்த 19,268 சிறுவர் சிறுமியரிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. தவிர, ஹெலனா ஒரு நேரத்தில் எடுத்த படம். ஓடியதால் இளைத்தார்களா, இளைத்திருந்ததால் ஓட முடிந்ததா என்று அது சொல்லாது. என் கட்சி ஓட்டத்தின் பக்கம்தான். தீர்ப்பு வந்துவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கே: மரபணுவை முழுசாகவே தோற்கடித்தவர்கள் உண்டா?
– பொறுமையில்லாதவர், ஈரோடு

ப: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகும் அமிஷ் மக்கள். அவர்களில் நன்றாக உழைப்பவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் வேலை எடுபடவே இல்லை. அதற்கு அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செய்தது தினமும் மூன்று நான்கு மணி நேர உழைப்பு. பொறுமை இருக்கிறதா?

கே: என் மகள் ஒல்லிதான். அவளுக்கு இந்த ஓட்டமெல்லாம் எதற்கு?
– ஒரு தந்தை, சென்னை

ப: புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் எடைக் குறியீடு 22.3, யாரையும் குண்டு என்று சொல்ல முடியாது. உள்ளே அளந்தால் வெள்ளைக்காரருக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய ஓட்டம், மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பிடிப்பதுதான் என்று அவர்களே குறும்பாக எழுதியிருந்தார்கள். தராசில் நிற்கும்போது ஒல்லியாக இருப்பதும், உள்ளே ஒல்லியாக இருப்பதும் நமக்கு ஒன்றல்ல. மகளை ஓட விடுங்கள்.

கே: எச்சில் அனுப்பினால் மரபணு ரிப்போர்ட் தருகிறார்களே, மகனுக்கு எடுக்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

ப: 'ஏ' வந்தால் ஓடச் சொல்வீர்கள். 'டி' வந்தால் ஓட வேண்டாம் என்பீர்களா?

கே: எங்கள் பி.டி. பீரியடை வாராவாரம் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். என்ன செய்வது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

ப: உனக்கு உலகம் முழுக்கத் துணை இருக்கிறதம்மா. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குத் தினசரி ஒரு மணி நேர அசைவு கிடைக்கவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. பெண் பிள்ளைகளில் 85. வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து உங்களை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை, அதற்குக் கணக்கு சாரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் சைக்கிளில் வேகமாக இருபது நிமிஷம், சாயங்காலம் கோ-கோ நாற்பது நிமிஷம் என்று சேர்த்தாலும் கணக்கு நேராகும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அம்மாவைப் பேசச் சொல். அதற்கு முன், மேலே ஹெலனா ஆய்வில் பார்த்த 0.65 என்பது 0.17 ஆனால் எத்தனை சதவீதக் குறைவு என்று சாரிடமே கேள். விடை சுமார் 74. போர்டில் போட்டு முடித்ததும் எல்லோரும் மைதானத்துக்குக் கிளம்புங்கள், சாரையும் கூப்பிடுங்கள்.