மஞ்சள் விளக்கும் மாற்றுச் சக்கரமும்

காரின் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு என்று பெயர். கார்க் கம்பெனியின் கையேடு அதை டிபிஎம்எஸ் என்கிறது. ஆரணியின் பஞ்சர் கடைகளில் ‘சென்சார்’ என்ற ஒரு சொல்லே போதும். அது வருவதற்கு முன் இந்த வேலையைப் பின்னால் வரும் பைக்காரர் பார்த்துவந்தார். பக்கத்தில் வந்து, கையை ஆட்டி, சக்கரத்தைக் காட்டி, காதில் விழாத ஏதோ ஒன்றைக் கத்திவிட்டுப் போவார். அவருடைய சேவை இன்றும் தொடர்கிறது. அதற்கு பேட்டரி தேவையில்லை.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. நேரடி வகையில், ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வின் அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அது அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். வண்டி நின்றிருக்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் விழிக்கும். பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது, மாற்ற முடியாது. ஐந்திலிருந்து பத்து ஆண்டில் அது தீரும்போது சென்சாரையே மாற்ற வேண்டும்.

மறைமுக வகையில் சக்கரத்துக்குள் எதுவுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும் கருவியிடமே இந்த வேலையும் ஒப்படைக்கப்படுகிறது. காற்று இறங்கிய டயரின் ஆரம் கொஞ்சம் குறைகிறது, அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றுகிறது, கார் அதைக் கண்டுபிடிக்கிறது. சிக்கனமான யோசனைதான். ஆனால் நான்கு டயரும் ஒரே அளவில் இளைத்தால் எது இளைத்தது என்று பழைய கருவிகளுக்குத் தெரியாது. காற்றடித்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தி ‘இதுதான் சரியான அளவு’ என்று சொல்லித்தர வேண்டும் என்பது இதன் விதி. விளக்கு எரிவது பிடிக்காமல், காற்றே அடிக்காமல் அந்தப் பொத்தானை மட்டும் அழுத்துகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கார் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அன்றிலிருந்து 22 பிஎஸ்ஐதான் அந்தக் குடும்பத்தின் சரியான அளவு.

இந்தக் கருவி 1986-இல் போர்ஷே 959 காரில் வந்தபோது அது பணக்காரர்களின் விளையாட்டு. சட்டமானதற்குக் காரணம் விபத்துகள். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேல்தோல் உரிந்து, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு, பலர் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார் ஒவ்வொன்றிலும் சென்சார் கட்டாயமானது. குறித்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவின் விதி வேறு வழியில் வந்தது. 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் சென்சாரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி என்னும் மாற்றுச் சக்கரம் வேண்டியதில்லை என்றது. எஞ்சும் இடத்தில் மின்வண்டிகளுக்குக் கூடுதல் பேட்டரி வைக்கலாம் என்பது அரசின் எண்ணம். ஆரணி பக்கத்தில் டிக்கியில் இடம் எஞ்சினால் அங்கே 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏறும். அரிசி ஆலைகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் வேறு எதை எதிர்பார்ப்பது?

விளக்கின் மொழி எளிது. குறுக்கே வெட்டிய டயரும் அதற்குள் ஓர் ஆச்சரியக்குறியும் மஞ்சளாக நின்று எரிந்தால் காற்று குறைவு. வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் கண்சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சாரே பேசவில்லை என்று பொருள். இந்த வித்தியாசம் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. கையேடு, வண்டி வாங்கிய அன்று சந்தனம் குங்குமம் இட்ட பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் இருக்கிறது.

சென்சாரின் குணம் முழுதாக வெளிப்படுவது சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டும்போதுதான். குளிர் நாடுகளில் இது ஆண்டுக்கு இருமுறை நடக்கும் சடங்கு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும் என்பதால் குளிர்காலத்துக்கென்று தனி டயர் வைத்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். ஜெர்மனியில் அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவது வழக்கம். கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் குளிர்கால டயர் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. தள்ளுபடி என்ற சொல் அங்குள்ள ஸ்கார்பரோவின் தமிழ்க் குடும்பங்களிடம் சட்டத்தைவிட நன்றாக வேலை செய்யும். தீபாவளிப் பலகாரம் தீரும் முன்னே டயர் கடைக்கு நாள் குறிக்க வேண்டும். முதல் பனி விழுந்தபின் போன் செய்தால் கிடைக்கும் தேதியில் பொங்கலே வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டுவது தொல்லை என்று பலர் ரிம்மோடு இரண்டு செட் வைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் தகராறு. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு. கார் நினைவில் வைத்திருப்பது அந்த நான்கு எண்களைத்தான். புதிதாக மாட்டிய சக்கரம் எவ்வளவு உரக்க ‘33, 33’ என்று சொன்னாலும் கார் காதில் போட்டுக்கொள்ளாது. பேஸ்மென்ட்டில் அடுக்கிவைத்த பழைய நால்வரையே தேடிக்கொண்டிருக்கும். தறியில் ஒரு பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஆயிரக்கணக்கான பழைய இழைகளின் நுனியோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்தால்தான் தறி மறுபடி நெய்யும். சக்கரம் மாற்றிய காருக்கும் அப்படியொரு பிணைப்பு வேண்டும், நல்லவேளையாக நான்கே இழை. சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தாமே புதிய எண்களைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு, கையடக்கக் கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் காட்டி சென்சாரை எழுப்பிக் காருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். சில ஜப்பானியக் கார்களில் இரண்டு செட் எண்களைச் சேமித்துவைத்துப் பொத்தானில் மாற்றலாம். சாமர்த்தியக்காரர்கள் பழைய சென்சாரின் எண்ணையே புதியதிலும் பதிந்து காரை ஏமாற்றுகிறார்கள். கனடாவில் சென்சார் சட்டப்படி கட்டாயமில்லாததால், குளிர்காலச் சக்கரத்துக்குச் சென்சாரே போடாமல் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு மார்ச் வரை நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஐந்தில் இதுதான் மலிவு.

ஆரணியில் பனி என்றால் மார்கழியில் தலைக்குக் கட்டும் துண்டோடு சரி. இந்த ஊரின் பருவம் முகூர்த்தம் உள்ள மாதம், இல்லாத மாதம் என்றுதான் பிரியும். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கார்கள் வரும். புவிசார் குறியீடு பெற்ற பட்டை நெய்கிற ஊரிலேயே வாங்கினால் மலிவு என்ற கணக்கு. ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர் வந்து, திரும்பும்போது ஏழு பேரும் பதினைந்து புடவைப் பெட்டியுமாகப் போவார்கள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கு ஓர் அழுத்தமும் முழுச் சுமைக்கு வேறோர் அழுத்தமும் போட்டிருக்கும். மணப்பெண்ணின் அத்தைகளுக்கென்று மூன்றாவது வரிசை எந்தக் கம்பெனியும் அச்சிடவில்லை. காருக்குள் எத்தனை பேர் என்பது சென்சாருக்குத் தெரியாது. 33 இருந்தால் 33 என்று சொல்லிவிட்டு அது பேசாமல் இருக்கும்.

அடுத்த பருவம் வெயில். வெப்பம் 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். மே மாதம் இந்த வட்டாரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் வேலூர் வரை போய்வந்த டயர் 37, 38 காட்டும். ‘ஓவர் காத்து’ என்று பயந்து அதை இறக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. சூட்டில் ஏறுவதையும் சேர்த்தே டயரைச் செய்திருக்கிறார்கள். இதே கதை தலைகீழாகவும் நடக்கும். புரட்டாசி மத்தியானத்தில் ஓடிய சூட்டோடு 33 பிடித்த டயர், மார்கழி விடியலில் 28, 29-க்கு இறங்கி நிற்கும். மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் தானாகக் கசிவது தனிக்கணக்கு. கோயிலில் திருப்பாவை கேட்கும் நேரத்தில் வண்டியை எடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். ஒன்பது மணிக்கு வெயிலும் ஓட்டமும் சேர்ந்து டயர் சூடேறியதும் அணைந்துவிடும். உரிமையாளர் அதைத் தானாகச் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொள்வார். வேண்டுதலும் இருந்திருந்தால் பலன் அந்தக் கணக்கில் எழுதப்படும்.

குளிர்ந்த டயரில் அளப்பதற்கு ஆரணியில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே சரியான நேரம் விடியற்காலை. நெசவாளர் தெருக்களில் அந்த நேரத்தில்தான் பாவு போடுவார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பட்டு இழைகளை விறைப்பாக நீட்டி, கஞ்சி போட்டு, பிரிந்த இழையைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நடப்பார்கள். ஈரம் காய்ந்து, பாவைச் சுருட்டி எடுக்கும்வரை அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. ஹாரன் அடிப்பது மரியாதையில்லை, அடித்தாலும் பயனில்லை. ஆக, டயர் குளிர்ந்திருக்கும்போது கார் தெருவைவிட்டு வெளியே வராது. வெளியே வந்து பெட்ரோல் பங்க் போய்ச் சேரும்போது டயர் குளிர்ந்திருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டு வாசலிலேயே சிறிய அளவுமானியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 33 வேண்டிய இடத்தில் 29 இருந்தால் குறை 4. பங்கில் மெஷின் 31 காட்டினாலும் பதறாமல் 35 வரை ஏற்ற வேண்டும். கணக்கு சரிதான். அதைக் காற்றடிக்கும் பையனுக்கு விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். இங்கே அந்த மரியாதை கிடையாது.

பஞ்சர் கடையில் சென்சாருக்கு ஆபத்து இரண்டு வகை. டயரை ரிம்மிலிருந்து நெம்பும்போது லிவரை வால்வுக்குப் பக்கத்தில் கொடுத்தால் உள்ளே இருக்கும் பெட்டி உடையும். வால்விலிருந்து தள்ளி ஆரம்பிப்பதே முறை. இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால், “எல்லாம் பாத்திருக்கோம் சார்” என்பார். உண்மையாகவே பார்த்திருப்பார், ஏனென்றால் உடைந்தவை எல்லாம் அவரிடம்தானே வருகின்றன. இரண்டாவது, பஞ்சரே ஆகாது என்று சொல்லி டயருக்குள் ஊற்றும் பச்சைத் திரவம். அது ஆணித் துளையை அடைப்பதோடு சென்சாரின் துளையையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். அப்புறம் டிஸ்பிளே என்ன சொன்னாலும் கடைக்காரர் முழங்காலால் டயரை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்து, “காத்து இருக்குது சார், வண்டிதான் பொய் சொல்லுது” என்று தீர்ப்பளிப்பார். இன்றைய ரேடியல் டயர் 25 இருந்தாலும் 33 இருந்தாலும் பார்வைக்கும் முழங்காலுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சென்சார் கண்டுபிடிக்கப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று.

கனடாக்காரர்களின் இரண்டு செட் தகராறு தமிழ்நாட்டில் வேறு உருவில் வருகிறது. புது வண்டியின் இரும்பு ரிம் பிடிக்காமல் அலாய் வீல் வாங்கி மாட்டுவார்கள். வண்டி அழகாகிவிடும், விளக்கு கண்சிமிட்டும். காரணம், சென்சார் நான்கும் பழைய ரிம்மோடு பரணில் இருக்கின்றன, அல்லது அதற்குள் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைவரை போயிருக்கும். ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய் என்பது பழைய ரிம்மை விற்ற பிறகுதான் தெரியவரும். ஸ்டெப்னியிலும் பெரும்பாலும் சென்சார் இருக்காது. அதை மாட்டிக்கொண்டு ஓடும்வரை, வண்டியை எடுக்கும்போதெல்லாம் விளக்கு கண்சிமிட்டும்.

எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றும்போது இன்னொரு கூத்து. இடம் மாறியது காருக்குத் தெரியாவிட்டால், இடது பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருக்க டிஸ்பிளே இடது முன்சக்கரத்தைக் காட்டும். நல்ல சக்கரத்துக்கு மேலும் மேலும் காற்று பிடிக்கப்படும், திரையில் எண் அசையவே அசையாது. புகார், நியாயப்படி, காற்றடித்தவர் மேல் போகும்.

இத்தனை தொல்லையும் வேண்டாதவர்களுக்குக் கடையில் மூடி சென்சார் கிடைக்கிறது. வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகிக்கொள்ள வேண்டியதுதான். முன்கண்ணாடி அருகே சூரிய ஒளியில் இயங்கும் சிறிய திரை நான்கு எண்களையும் காட்டும். பேட்டரியை நாமே மாற்றலாம். அலாய்க்கு மாறினாலும் பழைய ரிம்முக்குத் திரும்பினாலும் நான்கையும் கழற்றி மாட்டினால் போதும், காருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. முன் இடது, பின் வலது என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்து மாட்ட வேண்டும், அவ்வளவே. வால்வு ரப்பராக இல்லாமல் உலோகமாக இருப்பது நல்லது. வேகமாகச் சுற்றும்போது மூடி சென்சாரின் எடை ரப்பர் வால்வை வளைத்து நாளடைவில் விரிசல் விட வைக்கும். திருடு போகாமல் இருக்க அடியில் ஒரு பூட்டு நட்டு தருகிறார்கள். காற்றடிக்க வேண்டுமானால் முதலில் அந்த நட்டைத் தளர்த்த வேண்டும், அதற்கென்று ஒரு குட்டி ஸ்பேனரும் தருகிறார்கள். பங்கில் வண்டியை நிறுத்தியபின் தேடப்படும் அந்த ஸ்பேனர், வீட்டு பீரோவில் கையேட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும்.