ஹாஸ்டலில் வெள்ளம் இல்லை

2009-ல் வாப்பா என்னைத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பதைம்பது என்று 200-க்குச் சுருக்கின மதிப்பெண்ணோடு கூடத்தில் உட்கார்ந்தால், எதிரே பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியாகக் காலியிடம் குறைந்துகொண்டே வரும். "நம்ம கடப்புறத்துல மீன் ஏலம் இதவிட நிதானமால்லா நடக்கும்" என்றார் வாப்பா. எங்கள் முறை வந்தபோது நெய்மீன் எல்லாம் போய்விட்டது. மிச்சம் கிடந்ததில் மெக்கானிக்கலைக் கைகாட்டினோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். என்னால் அதற்கு வந்த கெட்டபெயர் போதும்.

முதல் நாள் காலை குழாயைத் திறந்தால் காற்று வந்தது. வாளியும் கையுமாக வார்டனிடம் ஓடி, "சார், ஹாஸ்டல்ல வெள்ளம் இல்ல" என்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நல்லதுதானே தம்பி" என்றார்.

எங்கள் ஊரில் குடிப்பதும் குளிப்பதும் வெள்ளம்தான். சென்னையில் அது வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள் என்பது எனக்கு மழைக்காலத்தில்தான் விளங்கியது. அதற்குள் என் பெயரே 'சேட்டா' ஆகிவிட்டது. அறைத்தோழன் சேலத்துக்காரன்.

"கேரளாவா மச்சான்?"

"இல்ல, கன்னியாகுமரி மாவட்டம்."

"அதான்டா கேட்டேன்."

எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அந்தச் சேதி அந்த ஹாஸ்டலின் இரண்டாம் மாடிக்கு இன்னும் ஏறவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், திருவனந்தபுரத்தில் கடைவீதிக்குப் போனால் அங்குள்ளவர்கள் தமிழர் என்ற கணக்கில் எங்களைப் 'பாண்டி' என்பார்கள். செப்டம்பரில் சேலத்துக்காரன் கையைப் பிடித்து ஓணம் வாழ்த்துச் சொன்னான். மறுக்கத்தான் வாயெடுத்தேன். பிறகு யோசித்து, ஓணத்துக்கென்று இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். உடனே கிடைத்தது.

ஆனாலும் மானம் என்று ஒன்று உண்டே. நூலகத்தில் தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி'யைத் தேடி எடுத்துவந்தேன். எங்கள் ஊர்க்காரர் எழுதிய தமிழ் நாவல், 1997-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது, எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு அப்படியே இதில் இருக்கிறது, படித்துப் பார் என்று அவன் மடியில் போட்டேன். அரைப் பக்கம் வாசித்தான். "சூப்பர் மச்சான். மலையாளத்தைத் தமிழ் எழுத்துலயே போட்டிருக்காங்க" என்றான்.

பாஷை இப்படி என்றால் படிப்பு வேறு மாதிரி. முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்று ஒரு தாள். டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நடந்து போவதைப் பார்த்தால், எங்கேயோ பாலம் கட்டத்தான் போகிறார்கள் என்று யாருமே நம்புவார்கள். உள்ளே போனால் ஒரு ஐங்கோணப் பட்டகம், ஒரே ஒரு முனையைத் தரையில் ஊன்றி, அச்சு 45 பாகை சாய்ந்து நிற்கும். அது ஏன் அப்படி நிற்கிறது, யார் நிறுத்தியது, படுக்கப்போட்டால் என்ன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை முன்னாலிருந்தும் மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து வரைய வேண்டும். அதிலும் 'ஃபர்ஸ்ட் ஆங்கிள்' முறையில், இடப்பக்கமிருந்து பார்த்ததை வலப்பக்கம் வரையணும், மேலேயிருந்து பார்த்ததைக் கீழே வரையணும். வகுப்பே தலையைச் சொறிந்தது. எனக்கு மட்டும் இது முன்பே பழகின விஷயமாகப் பட்டது. திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால் பாண்டி, சென்னையிலிருந்து பார்த்தால் சேட்டன். என்னையே அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

பழகின விஷயம் என்பதால் பாஸ் ஆகிவிடுமா? ஆகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி நான் பொருத்திக் காட்டிய 'வி' ஜாயின்டில் தோணி போகும் என்றார் அங்கிருந்தவர்; ஆனால் மார்க் போட்டுவிட்டார். கிராபிக்ஸில் போடவில்லை. அரியர்.

முடிவு வந்த வாரம் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் பிடித்துக் குழித்துறையில் இறங்கி ஊருக்குப் போனேன். ஏ.வி.எம். கால்வாய்க் கரையில் வாப்பா தேங்காய்த் தொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அரியர்னா என்னது மக்களே?"

"முடிக்க வேண்டியத முடிக்காம வச்சிருக்கது வாப்பா. பொறவு எழுதி முடிக்கணும்."

வாப்பா கொஞ்ச நேரம் கால்வாயையே பார்த்தார். 1860-ல் திருவிதாங்கூர் ராஜா தொடங்கிய வேலை அது. பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் படகு விடுவதாகத் திட்டம். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் என்று பெயரில் சாமி, மகாராணி, ராஜா மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சிபாரிசு இருந்தும் மண்டைக்காட்டோடு நின்றுபோனது.

"ராசா எழுதுனதே இன்னும் பாஸ் ஆவல்ல. நீ போயி சோறு தின்னு" என்றார்.

உள்ளே மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் இருந்தன. கிராபிக்ஸை மூன்றாவது தடவை எழுதித்தான் முடித்தேன். கால்வாய் இன்னும் மண்டைக்காட்டைத் தாண்டவில்லை.