முப்பத்தெட்டரை மாத்திரை

ஏலே தம்பி, இங்ஙன வந்து உக்காரு. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு நீ மூளை வச்சுக் குடுக்குதியாமே? டாக்டரு மருந்து எழுதும்போதே 'இது சேராது, அது ஆகாது'ன்னு எச்சரிக்கைப் பெட்டி துள்ளிக் குதிக்குமாம். பென்சிலின் ஒத்துக்காதவனுக்குப் பென்சிலின் எழுதவிடாமத் தடுக்குதுன்னா நானே கும்பிட்டுக்கிடுவேன். ஆனா அது அத்தோட நிக்குதா?

சான் பிரான்சிஸ்கோவுல, படிப்பாளிங்க நிறைஞ்ச ஆஸ்பத்திரி. 2013-ல நடந்த கூத்து. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. அங்கேயே டாக்டரா இருந்த ராபர்ட் வாக்டரு 2015-ல புத்தகமே போட்டுட்டாரு.

16 வயசுப் பையன். எடை 38.6 கிலோ. வீட்டுல வேளைக்கு ஒரு செப்ட்ரா மாத்திரை முழுங்குனவன். அதையே எழுதிட்டுப் போகவேண்டியதுதான? முடியாதாம். 40 கிலோவுக்குக் கீழன்னா கிலோக்கணக்குலதான் எழுதணுமாம். கணக்குப் போட்டா 193 மில்லிகிராம் வருது. மாத்திரையோ 160. நீயும் நானும்னா 'ஒண்ணைக் குடு'ன்னு முடிச்சிருப்போம். 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா டாக்டரே திருத்தணும்னு அதுக்கும் ஒரு சட்டம்! டாக்டரம்மா 160-ன்னு தட்டுனா. ஆனா அவ தட்டுன கட்டம் நின்னது 'கிலோவுக்கு இத்தனை'ங்கிற கணக்குல. 160-ஐ 38.6-ஆல பெருக்கி, 160 மில்லிகிராம் மாத்திரையா எண்ணிப் பாரு. 38½ மாத்திரை!

கம்ப்யூட்டரு சும்மா இருந்துச்சா? இல்லையே. டாக்டரம்மாவுக்கும் பெட்டி காட்டுச்சு, மருந்து பாக்குதவருக்கும் காட்டுச்சு. ரெண்டு பேரும் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டாவ. நாளு பூரா குதிக்குத சனியன்தானன்னு நினைச்சிருப்பாவ. சோளக்காட்டுல தகர டப்பா ஓயாம ஆடுனா, மூணாம் நாளு கிளி அது மேலயே உக்காந்து கதிரு திங்குதா இல்லையா? 2006-ல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பாத்தவங்க, மருந்து எச்சரிக்கையில நூத்துக்கு 49-லேர்ந்து 96 வரை டாக்டருங்க தள்ளிவிடுதாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க.

பொறவு ரோபோ எண்ணிப் பொட்டலம் கட்டிருச்சு. மனுசப்பயன்னா கை கூசியிருக்காது? ராத்திரி நர்சம்மாவுக்கு மட்டும் மனசு நெருடியிருக்கு, பாவம். ஒரு பையனுக்கு ஒரு வேளைக்கு இம்புட்டா? பார்கோடை மெஷின்ல காட்டுனா 'சரி'ங்குது. மெஷினே சொல்லிட்டா நாம யாரு கேக்க? குடுத்தாச்சு. பையனுக்கு வலிப்பு வந்து, எப்படியோ பொழச்சுக்கிட்டான்.

அதுக்கப்புறமாவது அடங்குனானுவளா? கிருமித் தொத்து முத்தி ஆளைச் சாய்க்குத செப்சிஸை முன்கூட்டியே கண்டுபிடிக்கேன்னு ஒரு நிரலு. மிச்சிகன்ல சோதிச்சு 2021-ல வெளியிட்டாங்க. படுத்திருக்கவங்கள்ல நூத்துக்கு 18 பேருக்கு மணி அடிச்சிருக்கு. நிசமாவே செப்சிஸ் வந்தவங்கள்ல நூத்துக்கு 67 பேரைக் கோட்டை விட்டிருக்கு. அம்புட்டுச் சத்தமும் யாருக்குல?

உன் மூளையைக் குறை சொல்லல தம்பி. பெட்டி செய்யுதவன் ஏசி ரூம்புல, தள்ளுதவ ராத்திரி வார்டுல. ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்ததுண்டா? அடுத்த பெட்டியைக் கட்டுததுக்கு முந்தி, ஒரு ராத்திரி அந்த நர்சம்மா பக்கத்துல முக்காலி போட்டு உக்காரு. எத்தனை பெட்டியப் படிக்கா, எத்தனையப் படிக்காமத் தள்ளுதான்னு எண்ணிட்டு வா. படிக்காமத் தள்ளுததை முதல்ல பிடுங்கிப் போடு.