மலை மேல் மல்லாந்த அணி

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ் 2026-லாவது தேறுமா?

பதில்: 2025-ல் ஆடிய 162 ஆட்டங்களில் 119 தோல்வி. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களும் தோல்வியில் சதம்தான். ஹாட்ரிக்! இதற்குக் கீழே போக இடமில்லை என்று ஆறுதல் சொல்லவும் வழியில்லை. சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024-ல் 121 தோற்றுக் காட்டியிருக்கிறதே.

2025 மே மாதக் கூத்தைக் கேளுங்கள். ஒரு நாள் 21-0 என்று உதை வாங்கினார்கள். மறுநாள் 9-3 என்று ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

பாவம், அணியின் சொந்த ஊரும் சேர்ந்து சதி செய்கிறது. டென்வர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று மெலிசு என்பதால் அடித்த பந்து தாராளமாகப் பறக்கும், வீசிய பந்தோ வளைய மறுக்கும். பந்து ரொம்பப் பறக்காமலிருக்க, 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுத்துத்தான் ஆடுகிறார்கள். அப்படியும் நல்ல பிட்சர் எவர் அங்கே வந்து மானத்தைப் பறிகொடுக்கச் சம்மதிப்பார்?

இப்போது 'மணிபால்' (Moneyball) புத்தகப் புகழ் பால் டிபோடெஸ்டாவை அணி நிர்வாகப் பொறுப்பில் அமர்த்தியிருக்கிறார்கள். புள்ளிவிவரப் புலி. ஆனால் புலி பந்து வீசாது. 1993-ல் களமிறங்கிய இந்த அணி தன் டிவிஷனில் ஒருமுறைகூட முதலிடம் பிடித்ததில்லை. என் ஜோசியம்: தோல்வி நூறைத் தொடாவிட்டாலே பட்டாசு வெடிக்கலாம்.