செஞ்சுக்கலாமுங்க!

எந்தச் சாமானைக் காட்டினாலும் மேனேஜர் சார் அதைக் கையில் வாங்குவார். எடை பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், விலையைக் கேட்பார். பிறகு ஒரு சிரிப்பு. "இதைப் போயி காசு குடுத்து வாங்கோணுமா? நாமளே செஞ்சுக்கலாமுங்க."

கோயமுத்தூரில் இந்த ரகம் கொஞ்சம் அதிகம். ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்த ஊர் அல்லவா? மற்ற ஊர்களில் இல்லாமல் இல்லை. லண்டனில் 1898-ல் ‘மாடல் எஞ்சினியர்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கியதே இவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகத்தான்.

மேனேஜர் சார் பட்டறைக்காரர் இல்லை. வங்கியில் இருந்தவர். கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளுக்கு முப்பது வருஷம் கடன் கொடுத்தவர். இன்ஸ்பெக்‌ஷன் போன இடமெல்லாம் கூலன்ட் வாசம் ஏறி, ஓய்வு பெற்ற கையோடு மேஜை மேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கிக் கார் ஷெட்டில் இறக்கிவிட்டார். கார் வீதிக்குப் போயிற்று.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. வீட்டு டில்டிங் கிரைண்டரைச் சாயாமல் பிடிக்கிற கொண்டி உடைந்துவிட்டது. "ஒரு கொண்டிக்கு ஒரு மெஷினா?" என்று சார் வீட்டு அக்கா கேட்டதற்கு, "மெஷின் இருந்தா எத்தனை கொண்டி வேணும்னாலும் செஞ்சுக்கலாம் அம்மிணி" என்றாராம். இது நடந்து மூன்று வருஷம்.

நான் பம்ப் கம்பெனி டூல்ரூமில் குப்பை கொட்டியவன். மில்லிங்கில் பாதி வேலை ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய இரும்பை, பிடிப்பதுதான். கட்டர் சுற்றும், மெஷினின் மேஜை நகரும், ஜாப் மட்டும் மேஜையோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்க வேண்டும். அதனால் மெஷின் வந்த அன்றைக்கே சொன்னேன்: "ஒரு கிளாம்ப் செட் வாங்கிருங்க சார். 58 உருப்படி, ஒரே பெட்டியில வரும். ஸ்டட் மட்டும் இருபத்திநாலு. கூட ஒரு நல்ல வைஸ்."

சிரித்தார். அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதலில் டி-நட். மேஜையிலுள்ள பள்ளத்துக்குள் தலைகீழ் ‘டி’ மாதிரி நழுவி உட்காரும் சின்ன இரும்புக் கட்டி அது. அதை மில்லிங் மெஷினில் செய்யலாம். ஆனால் செய்வதற்கு இரும்பை மேஜையில் கட்ட வேண்டும். கட்டுவதற்கு டி-நட் வேண்டும். சார் அசரவில்லை. ஆக்ஸா பிளேடில் அறுத்து, அரம் போட்டு, நாலு ஞாயிற்றுக்கிழமையில் நாலு டி-நட் செய்து முடித்தார். "இரும்பு உக்கடத்துல பழைய இரும்புக் கடையில எடுத்தது. நாப்பதே ரூவா."

மரை வெட்டப் போய் உடைந்த டேப்? அது கணக்கில் வராது. உக்கடம் போய்வந்த ஆட்டோ? அது சும்மா போனது. கூலி? கேட்டால் கோபம் வரும். இதே மனிதர்தான் கடன் கேட்டு வந்த பட்டறைக்காரரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உங்க சொந்தக் கூலியச் சேத்தினீங்களா?" என்று கேட்டு எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்பியவர்.

என்னிடம் இருந்த கடை டி-நட் ஒன்றைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கடைசி மரை நசுங்கிக் கெடக்குது பாருங்க. இதுக்குக் காசு வேற" என்றார். அந்த நசுங்கல் வேண்டுமென்றே செய்வது. ஸ்டட் என்கிற மரைக்கம்பி நட்டைத் துளைத்துக்கொண்டு அடியில் இறங்கக் கூடாது. இறங்கினால் பள்ளத்தின் தரையை உதைத்து, நட்டை மேலே தூக்கி, வார்ப்பிரும்பு உதட்டைப் பெயர்த்துவிடும். இதைச் சொன்னேன். தன் நட்டில் மரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கண்ணாடி மாதிரி ஓடுகிறது என்றார். மறு வாரம் ‘டொப்’ என்று ஒரு சத்தம். மேஜை ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு பெயர்ந்து போயிற்று. இப்போது எல்லா நட்டிலும் கடைசி மரையைப் பஞ்ச் வைத்து அவரே தட்டி நசுக்குகிறார்.

அடுத்தது பேரலல். ஜாப்புக்கு அடியில் வைக்கிற ஜோடிப் பட்டைகள். இரண்டும் ஒரே உயரமாக இருப்பது ஒன்றுதான் அவற்றின் யோக்கியதை; கடையில் அதற்காகவே கிரைண்டிங் செய்து ஜோடி சேர்த்து விற்கிறார்கள். சார் ஓஎச்என்எஸ் என்கிற எஃகில் பட்டை வாங்கி, கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சினார். காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் ஏற வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். பிரிட்ஜ் கதவிலிருந்த பெருமாள் காந்தம் சோதனைக்கு வந்தது. எண்ணெயில் நனைக்க வேண்டும். அடுப்படியிலிருந்து கடலெண்ணெய் வந்தது. அன்றைக்கு வீதி முழுக்க வடை வாசம். பக்கத்து வீட்டில் யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்டை வெளியே வந்தபோது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வளைந்திருந்தது. "எண்ணெயில முக்குனாச் சுருங்காத இரும்புன்னுதானுங்க பேரு?" என்று பரிதாபமாகக் கேட்டார். சுருங்காது என்றுதான் சொன்னார்கள். வளையாது என்று யார் சொன்னது?

ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸின் கதை எட்டு மாதம் ஓடியது. அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர் கரி உலையில் அலுமினியம் உருக்கி, லேத், மில்லிங் மெஷின் எல்லாம் வீட்டிலேயே செய்ய ஏழு புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். சார் தலைமாட்டில் அந்தப் புத்தகங்கள்தான். அந்தத் தைரியத்தில் பழைய ஜாக்கி ஸ்குரூவும் தடித்த பிளேட்டும் சேர்த்து ஒரு வைஸ் செய்தார். செய்வதற்கு என் வைஸை இரவல் வாங்கிப் போனார். அது இன்னும் திரும்பவில்லை.

பார்வைக்கு லட்சணமான வைஸ். பெயின்ட் கூட அடித்திருந்தார். இறுக்கினால் மட்டும் நகரும் தாடை மேலே எழும்பும்; ஜாப்பும் கூடவே எழும்பும். அடியிலுள்ள பேரலலை விரலால் தள்ளினால் பல்லாங்குழிச் சோழியாக ஓடியது. நல்ல மில்லிங் வைஸில் தாடைக்குள் சாய்வான ஒரு முகம் இருக்கும். இறுக்க இறுக்கத் தாடையை அது கீழே இழுக்கும். அதற்குத்தான் விலை. "கொட்டாப்புளியில ரெண்டு தட்டுத் தட்டுனா உக்காந்துக்குமுங்க" என்றார் சார். தட்டினார். உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். எழுந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கொண்டியின் கோணல் உருவத்துக்கு ஏற்ப அலுமினியத்தில் ஒரு ஜோடித் தாடை குடைந்திருந்தார். டூல்ரூமில் நாங்கள் சாஃப்ட் ஜா என்போம். இந்த உருவத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஜாப்புக்கு ஜாப் செய்துகொள்ள வேண்டிய சாமான். அதை ஒரே சாயங்காலத்தில், நான் கூடக் குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார். இங்கே மட்டும் அவர் கட்சிதான் என் கட்சியும். ஆனால் அதை அந்த எழும்புகிற வைஸில் மாட்டியிருந்தார்.

"இத்தனை பேசறீங்களே சார், மெஷின மட்டும் எதுக்குக் கடையில வாங்குனீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுதானுங்க நான் பண்ணுன தப்பு."

போன ஞாயிறு அவர் வீட்டில் காலைப் பலகாரம். தோசை பஞ்சு மாதிரி இருந்தது. சார் ஒரு விள்ளலை வாயில் போட்டுவிட்டுக் கேட்டார்: "மாவு நல்லா இருக்குதே அம்மிணி, வீட்டுல ஆட்டுனதா?"

"பாக்கெட் மாவு. மூணு வருஷமா அதுதான்."

"மாவக் கூடவா காசு குடுத்து வாங்கறது?"

"செஞ்சுக்கலாமுங்க. கொண்டி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த தோசைக்கு உள்ளே போனார்.

கிரைண்டர் இப்போது கார் ஷெட்டில், மில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேல் என் வைஸ் இருக்கிறது.