ஒரு கொட்டாங்கச்சி நேரம்

கோடை விடுமுறை. பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டீர்கள்; அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுங்கள்.

தேவையான பொருட்கள்: நேரான குச்சி 1, சாக்பீஸ் 4 (மூன்று தொலைந்துபோகும்), தேங்காய் 1, மெல்லிய ஆணி, நூல், ஒரு வாளித் தண்ணீர், பொறுமை தேவையான அளவு.

1. நிழல் கடிகாரம்: மொட்டை மாடியில் மண்தொட்டி வைத்துக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். மணிக்கொரு முறை நிழலின் நுனியில் கோடு போடுங்கள். சென்னைக்காரர்கள் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. தெரியாமல் நான் அன்றுதான் ஆரம்பித்தேன். உச்சிவெயிலில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்க, நிழல் குச்சியின் காலடியில் ஒளிந்துகொண்டது. "அப்பா, கடிகாரம் நின்னுடுச்சு!" அதுவும் 12 மணிக்கல்ல, 12.07-க்கு. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே கொஞ்சம் தாமதம். நம் ஊரில் தாமதத்துக்கு வானியல் காரணம் இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

2. ஊசல்: 25 செ.மீ. நூலில் எதையாவது கட்டி ஆட்டுங்கள். போய்த் திரும்ப 1 நொடி. எடை பொருட்டல்ல, அம்மாவின் சாவிக்கொத்தே போதும். அம்மா வெளியே கிளம்பும் நாளில் வேண்டாம்.

3. நீர்க் கடிகாரம்: சங்க காலத்தில் நாழிகைக் கணக்கர்கள் குறுநீர்க்கன்னல் வைத்துப் பொழுதளந்தார்கள். நமக்குக் கொட்டாங்கச்சி. கண் இருக்கும் பாதி வேண்டாம். மென்கண்ணைக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, விட்டதும் மூழ்கிவிடும். மற்ற பாதியின் நாரைச் சுரண்டி, அடியில் ஆணியால் பொடித்துளை போட்டு வாளியில் மிதக்கவிடுங்கள். தண்ணீர் மெல்ல ஊறி, விளிம்பு சாய்ந்து, களுக்கென்று உள்ளே போகும். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் மிதக்க வேண்டும். எங்களுடையது 4 நிமிடம் மிதந்தது. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது என்பது துளை போட்ட பிறகே விளங்கும். பரவாயில்லை: 6 கொட்டாங்கச்சி சேர்ந்தால் 1 நாழிகை.

எச்சரிக்கை: வீட்டில் நேரம் அளக்கும் கருவி வந்துவிட்டால் முதலில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். "மாடிக்கு வாப்பா" என்று மகள் கூப்பிட்டபோது, லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல், "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றேன். வேலையை முடித்துவிட்டுப் போனால், வாளிக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகச் சாக்பீஸ் கோடுகள்.

"உன்னோட அஞ்சு நிமிஷம்னா பதினோரு கொட்டாங்கச்சிப்பா."

கொட்டாங்கச்சியை எடுத்துத் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கருவியில் கோளாறு ஏதுமில்லை.